கேலிக்கும் முறை உண்டு

பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மறுபடி அதோடு சேர்ந்து, 2007இல் திரும்பவும் தனி மாவட்டமானது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்வரும் மருமகள்கூட இத்தனை தடவை பெட்டி கட்டியிருக்க மாட்டாள். இதைப் பந்தியில் சம்பந்தி சொன்னால் சிரிப்பு. முன்பின் தெரியாதவர் சொன்னால் முறைப்பு.

நம்பிக்கை: கேலி உறவைக் கெடுக்கும்.

உண்மை: யார், யாரை என்பதைப் பொறுத்தது. மாமன், மச்சான், அத்தை மகள், அண்ணி, கொழுந்தன் என்றால் கேலிக்கு உரிமை உண்டு. மாமனாரும் மருமகளும் அப்படிப் பேசிக்கொள்வதில்லை. இப்படிப்பட்ட கேலி உறவுகள் பல நாடுகளில் இருப்பதை மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதினார். நம் பாட்டிகள் அவரைப் படிக்காமலே கடைப்பிடித்தார்கள். ஆனால் நிறத்தையும் உடம்பையும் சாதியையும் குத்திவிட்டு, "சும்மா தமாஷுக்கு" என்பதற்கு எந்த முறையிலும் இடமில்லை.

நம்பிக்கை: "எனக்கு ஜோக்கெல்லாம் வராதுப்பா."

உண்மை: வர வேண்டியதில்லை. மக்கள் பேசிச் சிரிப்பதைக் கவனித்துக் குறித்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்குப் பிறகு வரவில்லை, "சரி, கிளம்பறேன்" மாதிரியான சாதாரணப் பேச்சுக்குத்தான் வந்தது என்று கண்டார். தனியாக இருக்கும்போதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கணக்கு.

நம்பிக்கை: வாய்விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப்போகும்.

உண்மை: சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கொஞ்சம் கூடியதை ராபின் டன்பார் குழு 2011இல் காட்டியது. அவ்வளவுதான்.

நம்பிக்கை: கஷ்டத்தில் சிரிப்பவர்களுக்குக் கவலையே கிடையாது.

உண்மை: பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் ஒரு களத்தில், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். வியாபாரி போனில் விலையைச் சொன்னதும் அத்தனை பேரும் வாயடைத்துப்போனார்கள். காட்டுக்காரப் பெண் மட்டும் அரிவாளை நிறுத்தாமல், "உரிக்கிறவங்களுக்குத்தான் கண்ணுல தண்ணி வரும்பாங்க. நமக்கு விக்கும்போதே வருது பாருங்க அண்ணி" என்றார். முதலில் ஒருத்தி களுக்கென்றாள். பிறகு களமே சிரித்தது. விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. காலையிலிருந்து எதற்கோ முகத்தைத் தூக்கி வைத்திருந்த அண்ணி, தன் சாக்கை நிழல் பக்கம் இழுத்துப் போட்டு, "வெயில்ல கெடக்காத, இப்படி வந்து உக்காரு" என்றார்.