பெயரறிந்து களைவோம்

முன்னுரை

பொருநை எனப் போற்றப்படும் தாமிரபரணி நம் நெல்லைச் சீமையின் உயிர்நாடி. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களில் திருப்பி வயல்களுக்கு ஊட்டுகின்றன. பள்ளிக் கண்காட்சிக்காக அவற்றைக் கணினி நிலப்படத்தில் குறித்தோம். பழகிப் பார்ப்பதற்காக எங்கள் 12 பேர் வீடுகளையும் அதே கோப்பில் குறித்திருந்தோம். பலரும் காணும் படத்தில் மாணவியர் வீடுகள் இருத்தல் தகுமா? அவற்றை நீக்கப் பைத்தான் மொழியில் நிரல் எழுதினோம். அதில் கற்ற பாடமே இக்கட்டுரை.

பெயர்வெளி

அக்கோப்பு எக்ஸ்.எம்.எல். இலக்கணப்படி அமைந்த கே.எம்.எல். வகை. அதில் ஒவ்வோர் இடமும் ‘பிளேஸ்மார்க்’ என்னும் உறுப்பு. “பிளேஸ்மார்க் எத்தனை?” என்று நிரலைக் கேட்டோம். “பூஜ்யம்” என்றது! கண்ணெதிரே 20 இருக்க, இஃதென்ன விந்தை?

ஒரே வகுப்பில் மூன்று மேரிகள் இருந்தால் ஆசிரியை தலைப்பெழுத்தையும் சேர்த்தே அழைப்பார் அல்லவா? அதுபோல, ஒரே சொல்லைப் பலர் பயன்படுத்தினாலும் குழப்பம் வாராதிருக்க, 1999இல் ‘பெயர்வெளி’ விதி வகுக்கப்பட்டது. கோப்பின் தலைப்பில் இணைய முகவரி போன்ற ஒரு தொடர் இருக்கும். அதுவே பெயர்வெளி. அதனையும் சேர்த்ததே உறுப்பின் முழுப்பெயர். எழுத்துப் பிசகாமல் அதைச் சேர்த்துக் கேட்டதும் 20 என விடை வந்தது.

நீக்கும் முறை

ஓர் உறுப்பு தானாக நீங்காது. அதன் தாயுறுப்பிடம் சொல்லியே நீக்க வேண்டும். தாயுறுப்பின் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வீடாக இருந்தால் உடனே நீக்கினோம். ஆனால் 6 வீடுகள் எஞ்சின! வரிசையில் முதல் மாணவி விலகினால் இரண்டாமவள் முதலிடத்திற்கு நகர்வாள். நிரலோ இரண்டாம் இடத்திற்குச் சென்றுவிடுகிறது. நகர்ந்தவள் அதன் பார்வைக்குத் தப்பிவிடுகிறாள். ஆகவே வீடுகளை முதலில் தனிப் பட்டியலாகத் திரட்டி, பின்பு அப்பட்டியலைப் பார்த்து நீக்கினோம். வீடுகள் 0, அணைக்கட்டுகள் 8 என்று வந்தது.

முடிவுரை

தோழியரே, முதல் நாள் கிடைத்த பூஜ்யத்தை நம்பியிருந்தால் எங்கள் வீடுகள் அனைத்தும் கண்காட்சிச் சுவரில் தொங்கியிருக்கும். தேடத் தெரியாதவருக்கும் பூஜ்யமே விடை. தேடி முடித்தவருக்கும் பூஜ்யமே விடை. இருக்க வேண்டிய எட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பின்னரே, இல்லாதவற்றை இல்லை என்று நம்புவோமாக!