கடிவாளம் இல்லாப் பயணம்

நுழையும்முன்

விலங்கை அடக்கி ஆள்வது ஒரு திறன். அதன் விருப்பத்தையே துணையாகக் கொண்டு இயங்குவது மற்றொரு திறன். பனி நிலத்தில் நாயும் மனிதரும் ஒரே கயிற்றால் இணைந்து செல்லும் விளையாட்டு, இவ்விரண்டாம் திறனை வேண்டி நிற்கிறது. அத்திறனுக்குள் அடங்கிய பொறுப்பை இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் முறையும்

'பனிச்சறுக்கு ஓட்டம்' எனப் பொருள்படும் நார்வேஜிய மொழிச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் 'ஸ்கீஜோரிங்'. காலில் பனிச்சறுக்குப் பலகைகளை அணிந்த ஒருவரை நாயோ குதிரையோ இழுத்துச் செல்வதே இவ்விளையாட்டு. 1928ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில், குதிரைகள் இழுக்கும் வகை காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. நாய்கள் இழுக்கும் வகை நார்வே, அலாஸ்கா முதலிய பனி நிலங்களில் இன்றும் விரும்பி ஆடப்படுகிறது.

பொதுவாக ஒன்று முதல் மூன்று நாய்கள் இதில் ஈடுபடுத்தப்படுகின்றன. நாயின் தோளிலும் மார்பிலும் பொருந்துமாறு இழுவைக் கச்சை கட்டப்படும். அதிலிருந்து செல்லும் கயிறு, சறுக்குபவரின் இடுப்பிலுள்ள அகன்ற பட்டையில் இணையும். கயிற்றின் ஒரு பகுதி நீண்டு சுருங்கும் தன்மையுடையது. திடீர் இழுப்பின் அதிர்ச்சியை அது இருவருக்கும் குறைக்கிறது. கூரிய உலோக விளிம்பு நாயின் காலை வெட்டிவிடக்கூடும் என்பதால், அவ்விளிம்பில்லாத பலகைகளே பயன்படுத்தப்படுகின்றன.

குரலே கடிவாளம்

இந்நாய்களுக்குக் கடிவாளம் இல்லை. 'ஜீ' என்றால் வலப்புறம். 'ஹா' என்றால் இடப்புறம். 'வோ' என்றால் நிற்க வேண்டும். புதுப்பனியைக் கண்ட இளநாய்கள் அதில் புரண்டும், ஒன்றையொன்று துரத்தியும், கச்சையைக் கண்டதும் துள்ளிக் குரைத்தும் ஆர்ப்பரிக்கும். அவ்விளையாட்டு உணர்வைத் தண்டித்து அடக்கினால் ஓடும் விருப்பமே குன்றிவிடும். எனவே, பழக்குபவர்கள் அதனைப் பொறுமையோடு ஓட்டத்தின் பக்கம் திருப்புகின்றனர்.

அவ்வாறு வளரும் நம்பிக்கையின் வலிமையை வரலாறு காட்டுகிறது. 1925ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. இருபது ஓட்டுநர்களும் ஏறத்தாழ 150 நாய்களும் தொடரோட்டமாகச் சறுக்குவண்டிகளில் சுமார் 1,085 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, ஐந்தரை நாள்களில் மருந்தைச் சேர்த்தனர். பனிப்புயல் கண்ணை மறைத்தபோது, இறுதிக் கட்ட ஓட்டுநர் குன்னார் காசன், பால்டோ என்னும் நாயின் வழியறியும் திறனையே நம்பிச் சென்றார்.

இளவேனிலின் இரு முகங்கள்

கடுங்குளிர் தணிந்து பகல் நீளும் இளவேனில், இவ்விளையாட்டுக்கு இனிய பருவம். ஆயினும் நாய்களுக்கு இடர் தருவதும் அப்பருவமே. சைபீரிய ஹஸ்கி போன்ற இனங்களுக்கு இரண்டடுக்கு உரோமம் உண்டு. குளிரைத் தடுக்கும் அவ்வுரோமம், உடலில் எழும் வெப்பம் எளிதில் வெளியேறவும் விடுவதில்லை. நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் இளைப்பதன் வாயிலாகவே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

காலையில் இறுகியிருக்கும் பனி, நண்பகலில் இளகிவிடும். அதில் கால் புதைவதால் உழைப்பும், உழைப்பால் உடல் வெப்பமும் மிகும். ஈரப்பனி விரல்களுக்கிடையே உருண்டு திரண்டு தோலைப் புண்ணாக்கும். எனவே, விவரமறிந்தோர் காலைக் குளிரிலேயே புறப்படுவர்; இடையிடையே நீர் தருவர்; பாதங்களை ஆராய்வர்; தேவைப்படின் துணியாலான காலுறை அணிவிப்பர்.

எல்லையறிதல்

ஓடும் ஆர்வத்தில் நாய் தன் களைப்பைப் பொருட்படுத்தாது. மிகுவெப்பம் உயிரையே பறிக்கக்கூடும் என்பதையும் அது அறியாது. கயிறு தளர்வதையும், நாக்கு நீள்வதையும், நடை மாறுவதையும் பின்னால் வருபவரே கவனித்தாக வேண்டும். 'வோ' என்னும் குரலுக்கு நாய் நிற்பது அவர்மீது கொண்ட நம்பிக்கையால்; அக்குரலை உரிய நேரத்தில் எழுப்புவதே அந்நம்பிக்கைக்கு அவர் செலுத்தும் கைம்மாறு.

கற்பவை கற்றபின்

'நிறுத்த அறிந்தவரே ஓட்டத் தகுந்தவர்' – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.