ஆறு வயதில் முளைக்கும் பல்

முதல் வகுப்புக் குழந்தை சிரிக்கும்போது, முன்பல் விழுந்த இடைவெளி உடனே நம் கண்ணில் படும். அதே வயதில் வாயின் பின்புறம் நடப்பது கண்ணில் படுவதில்லை. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவை நிலைப்பற்கள்.

பால்பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ மூன்று வயதுக்குள் அனைத்தும் முளைத்துவிடும். பால்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் வரும் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆனால், இந்த நான்கு பற்களும் எந்தப் பல்லும் விழாமலேயே புதிய இடத்தில் வருகின்றன. அதனால் இவற்றையும் பால்பற்கள் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். சொத்தை விழுந்தாலும், "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகின்றனர். இந்தப் பல் போனால் மீண்டும் முளைக்காது.

சொத்தை ஏன் வருகிறது?

கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உள்ளன. அவற்றில் உணவுத்துகள்கள் தங்குகின்றன. முளைத்துவரும் பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் எளிதில் எட்டுவதில்லை. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் இதை ஓரளவு சரிசெய்யும். ஆனால், மிட்டாயும் பிஸ்கட்டும் அடிக்கடி தின்றால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

சத்துணவுக் கூடத்திலிருந்து முட்டை ஓடுகளைப் பெற்றுக் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு குவளையில் தண்ணீர், மற்றொன்றில் வினிகர் ஊற்றி, இரண்டிலும் ஓட்டுத்துண்டுகளைப் போடுங்கள். வினிகரை ஆசிரியரே கையாளட்டும். வினிகரில் குமிழிகள் எழுவதைக் குழந்தைகள் உற்றுநோக்கட்டும். மறுநாள் இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். எனாமலும் முட்டை ஓடும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. ஆனால் இரண்டையும் அமிலம் கரைக்கும் என்பதை விளக்குங்கள்.

பிறகு, நாக்கால் கடைசிப் பல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "இது உங்களுடன் கடைசிவரை வரப்போகும் பல்" என்று அறிமுகப்படுத்துங்கள்.

நாம் செய்யக்கூடியவை

- மதிய உணவுக்குப் பின் அனைவரும் வாய் கொப்பளிப்பதை வழக்கமாக்கலாம்.
- காலையிலும் இரவு படுக்கும் முன்னும் ஃபுளூரைடு உள்ள பற்பசையால், இரண்டு நிமிடம், கடைசிப் பல்வரை துலக்கக் கற்பிக்கலாம். பட்டாணி அளவு பற்பசை போதும்.
- ஒரு பக்கமாகவே மெல்லும் குழந்தையையும், கன்னத்தைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் குழந்தையையும் கவனித்துப் பெற்றோரிடம் தனியே சொல்லலாம். பிறர் முன்னிலையில் பல்லைச் சுட்டிக்காட்ட வேண்டாம்.
- பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கடைவாய்ப்பற்களையும் பார்க்கும்படி கேட்கலாம். சொத்தை வருமுன் பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைக்கும் சிகிச்சை உண்டு.
- பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பல்லைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம்.

முதல் வகுப்பில் சொல்லும் இந்தச் செய்தி, ஒரு குழந்தையின் பல்லை அறுபது வயதிலும் காத்து நிற்கும்.