எங்கள் கணினிக்கு ஓர் இரண்டாம் அலமாரி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

வீட்டில் துணிமணிகள் பெருகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பழையவற்றைத் தெருவில் எறிந்துவிடுவதில்லை. இன்னோர் அலமாரி வாங்குகிறோம். கணினிக்கும் அவ்வாறே இரண்டாவது சேமிப்பு டிரைவ் ஒன்றைப் பொருத்தலாம். சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டில் அதைச் செய்தோம். அந்த அனுபவத்தையும், அதில் நான் கற்றவற்றையும் இங்கு எழுதுகிறேன்.

இடம் போதாமல் போனது

எங்கள் வீட்டுக் கணினியை மிகுதியாகப் பயன்படுத்துபவர் என் அண்ணன். விளையாட்டுகளுக்காகவே அது வாங்கப்பட்டது. அதில் இருந்த டிரைவ் 500 ஜிகாபைட். 2023ஆம் ஆண்டு வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் விளையாட்டுக்கு மட்டும் 150 ஜிகாபைட் இடம் வேண்டும். எங்கள் கணினியில் மீதமிருந்ததோ 60தான். “அந்தப் பழைய போட்டோ ஃபோல்டரை அழித்துவிட்டால் இடம் கிடைக்கும்” என்றார் அண்ணன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறைந்த எங்கள் பாட்டி தாலாட்டுப் பாடிய ஒலிப்பதிவு அந்த ஃபோல்டரில்தான் இருந்தது. வேறெங்கும் அதற்குப் படி இல்லை. அன்று மாலையே புதிய டிரைவ் ஒன்று வாங்க அப்பா இசைந்தார்.

டிரைவ்களின் வகைகள்

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டுச் சாதனத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. ஆயினும் அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே! இன்று உள்ளங்கையில் அடங்கும் டிரைவ் அதைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு கொள்கிறது.

இன்று கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க். விலை குறைவு, வேகமும் குறைவு. இரண்டாவது, சாட்டா எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. நொடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட் படிக்கும். மூன்றாவது, எம்.2 வடிவிலுள்ள என்.வி.எம்.இ. டிரைவ். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய இது, நொடிக்கு 3,500 மெகாபைட்டும் அதற்கு மேலும் படிக்க வல்லது.

150 ஜிகாபைட்டைப் படிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். நொடிக்கு 150 மெகாபைட் படிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு 1,000 நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம். சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு ஐந்து நிமிடத்திற்கும் குறைவு. எங்கள் மதர்போர்டில் இருந்த ஒரே எம்.2 இடத்தில் பழைய டிரைவ் அமர்ந்திருந்தது. ஆகவே 1 டெராபைட் சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினோம்.

பொருத்தும் முறை

முதலில் கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கக் கூடும். எனவே பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது.

டிரைவை அதற்குரிய இடத்தில் வைத்துத் திருகாணிகளை முடுக்கினோம். அதற்கு இரண்டு கேபிள்கள் உண்டு. குறுகியது தகவலுக்கு, அது மதர்போர்டுக்குச் செல்லும். அகன்றது மின்சாரத்திற்கு, அது பவர் சப்ளையிலிருந்து வரும். இரண்டின் முனைகளும் வளைவுடன் இருப்பதால் தலைகீழாகச் செருக இயலாது. வேறொரு பவர் சப்ளையுடன் வந்த கேபிளைப் பயன்படுத்துவது ஆபத்து. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம்.

கணினியை இயக்கினோம். புதிய டிரைவைக் காணவில்லை! “பழுதான பொருள் போலும், கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்றார் அப்பா. நான் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டினேன். எம்.2 இடம் பயன்பாட்டில் இருக்கும்போது ஐந்தாம், ஆறாம் சாட்டா துளைகள் இயங்கா என்று அதில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நாங்கள் செருகியிருந்ததோ ஐந்தாம் துளை! கணினியை மீண்டும் நிறுத்தி, முதல் துளைக்கு மாற்றினோம். டிரைவ் தெரிந்தது.

கவனம் தேவைப்படும் இடம்

புதிய டிரைவை அப்படியே பயன்படுத்த முடியாது. விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்னும் பகுதிக்குச் சென்று அதைத் தயார் செய்ய வேண்டும். ஜி.பி.டி., எம்.பி.ஆர். என இரு முறைகளைக் காட்டும். எம்.பி.ஆர். பழைய முறை, பொதுவாக 2 டெராபைட்டுக்கு மேல் கையாளாது. ஆகவே ஜி.பி.டி.யைத் தேர்ந்தோம்.

அடுத்தது ஃபார்மட் செய்தல். அண்ணன் அவசரமாக மவுஸை நகர்த்தி, ‘டி’ என்ற பகுதியின் மேல் வைத்து ‘ஃபார்மட்’ என்பதை அழுத்தப் போனார். அது பழைய டிரைவின் பகுதி. பாட்டியின் குரல் இருந்த இடமும் அதுவே! “அண்ணா, கொஞ்சம் பொறுங்கள்!” என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். திரையில் ஒவ்வொரு டிரைவின் அளவும் எழுதியிருந்தது. பழையது 465 ஜிகாபைட். புதியது 931 ஜிகாபைட். அதன்மேல் ஒதுக்கப்படாத இடம் என்பதைக் காட்டும் கறுப்புப் பட்டை இருந்தது. அதைத் தேர்ந்து, என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்தோம்.

1 டெராபைட் ஏன் 931 ஆகத் தெரிகிறது? தயாரிப்பவர்கள் ஒரு இலட்சம் கோடி பைட்டை 1 டெராபைட் என்கின்றனர். விண்டோஸோ 1024 × 1024 × 1024 பைட்டை 1 ஜிகாபைட் எனக் கொள்கிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை!

முடிவுரை

விளையாட்டுகள் புதிய டிரைவுக்குச் சென்றன. அவை அழிந்தாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பாட்டியின் குரலை அப்படிப் பெற முடியாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிரைவ் இருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. மின்னலோ திருட்டோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். ஆகையால் ஒரு படியைப் புதிய டிரைவிலும், மற்றொன்றைப் பென் டிரைவிலும் எடுத்து, பென் டிரைவை அத்தை வீட்டில் கொடுத்து வைத்தோம். உண்மையில் பெட்டியைத் திறக்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். அன்றிரவு அம்மா அந்தத் தாலாட்டை இரண்டு முறை கேட்டார்.

“பதறாத காரியம் சிதறாது” என்பர் பெரியோர். தோழியரே, உங்கள் வீட்டிலும் இவ்வேலையைச் செய்ய நேர்ந்தால், முதலில் படி எடுங்கள். அடுத்துக் கையேட்டைப் படியுங்கள். அதன் பிறகே திருப்புளியைக் கையில் எடுங்கள்.