காசா, காதா?

எல்லா ஒலியும் ஒன்று போல இருப்பதில்லை. பறையின் ஒலி கனமானது. விசிலின் ஒலி கீச்சென்று இருக்கும். கனமான ஒலியில் காற்று மெதுவாக அதிரும். கீச்சொலியில் மிக வேகமாக அதிரும். ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்வார்கள்.

இளம் வயதில் நல்ல காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். இது இயற்கை. ஆனால் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் குறைவு சீக்கிரமே வந்துவிடும்.

ஏன் அப்படி?

நம் காதின் உள்ளே நத்தைக் கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 நுண்ணிய செல்கள் உள்ளன. அவற்றின் முனைகள் மயிர் போல இருக்கும். கூட்டின் வாசல் பக்கம் உள்ள செல்கள் கீச்சொலியை வாங்கும். உள்பக்கம் உள்ளவை கனமான ஒலியை வாங்கும். இரைச்சலாலும் முதுமையாலும் பெரும்பாலும் முதலில் கெடுவது வாசல் பக்கத்துச் செல்களே. கெட்ட செல் மீண்டும் முளைக்காது.

ஒரு தறிக்காரர் வீட்டில்

மகாராஷ்டிரத்தில் தானே மாவட்டத்தில் உள்ளது பிவண்டி. அது விசைத்தறிகள் நிறைந்த ஊர். தறிக்கூடத்தில் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம். அங்கே 20 ஆண்டுகள் தறி ஓட்டிய ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவர் மகள் கேட்டாள்.

"அப்பா, காசு எங்கே?"

"காதுக்கு என்னம்மா? நல்லாத்தானே இருக்கு!"

அம்மா சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

"அப்பா, நான் கேட்டது காசு. இந்த வாரம் இது மூணாவது தடவை."

"உன் குரல் கேக்குது. நீதான் முணுமுணுக்கிறே."

"அம்மாவுக்குப் புரியுதே அப்பா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "காது சரியில்லைன்னு தெரிஞ்சா வேலை போயிடும். வெளியே சொல்லாதே."

"மறைச்சா போன காது திரும்பி வருமா?" என்றார் அம்மா. "மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்த வேண்டாமா? முதல்ல வீட்டிலேயே பார்ப்போம்."

காசு, காது என்ற சொற்களைச் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் ஆ, உ என்ற உயிர் ஒலிகள் உண்டு. அவை கனமானவை. நடுவில் உள்ள 'ச' கீச்சொலி வகை. அது கேட்காவிட்டால் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடும். அதனால்தான் குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை.

வீட்டில் சோதிப்பது எப்படி?

இரைச்சலில் வேலை செய்துவிட்டு வந்தவுடன் சோதிக்க வேண்டாம். விடுமுறை நாள் காலை நல்லது. மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

முதல் சோதனை: விரல் உரசல்.
கட்டை விரலையும் சுட்டு விரலையும் காதிலிருந்து அரை அடி தள்ளி உரசுங்கள். சரசரவென்று மெல்லிய ஒலி வரும். இரண்டு காதிலும் ஒன்று போலக் கேட்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனை: கிசுகிசுப்பு.
1. நன்றாகக் காது கேட்கும் ஒருவர் துணைக்கு வேண்டும். அவர் உங்கள் பின்னால் 2 அடி தள்ளி நிற்கட்டும். அவர் உதடு உங்களுக்குத் தெரியக்கூடாது.
2. ஒரு காதின் வாசலில் உள்ள சிறு மடலை விரலால் மெதுவாக அழுத்தி மூடுங்கள்.
3. துணைவர் மூச்சை வெளியே விட்டுவிட்டு மூன்று சொற்களைக் கிசுகிசுக்கட்டும். உதாரணம்: பசி, ஏழு, காசு. நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்.
4. மூன்றும் சரி என்றால் நல்லது. தவறினால் வேறு மூன்று சொற்கள். ஆறில் மூன்றாவது சரியாக வர வேண்டும்.
5. அடுத்த காதுக்கு வேறு சொற்கள்.

நம் தறிக்காரருக்கு இரண்டு காதிலும் ஆறுக்கு இரண்டுதான் சரியாக வந்தது.

செல்போனில் எச்சரிக்கை

இப்போது செல்போனிலும் கீச்சொலிகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. ஒலி கேட்கவில்லை என்றால் ஒலியளவைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். கேட்காத ஒலியும் காதைக் கெடுக்கும். ஒலியளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள். இயர்போன் வேண்டாம். சின்ன ஒலிபெருக்கியில் சில ஒலிகள் சரியாக வராது. ஆகவே 15,000 ஹெர்ட்ஸ் கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம். நடுத்தர வயதில் பலருக்கு அது கேட்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஒரு இலவசச் செயலியை வெளியிட்டது. அது இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லிச் சோதிக்கும்.

செய்யக் கூடாதவை: காதில் குச்சி, ஊக்கு விடாதீர்கள். சுடு எண்ணெய் ஊற்றாதீர்கள். காதருகே தட்டைத் தட்டியோ, பட்டாசு வெடித்தோ சோதிக்காதீர்கள்.

அடுத்து என்ன?

வீட்டுச் சோதனை ஒரு குறிப்புதான். முடிவு அல்ல. அழுக்கு அடைத்திருந்தாலும் காது மந்தமாகும். மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி கொடுத்துச் சோதிப்பார்கள். வலி இருக்காது. இரைச்சலால் கெட்ட காதில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் தெரியும். மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் இதற்கென்றே உள்ளன.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே போங்கள். சீழ், தலைசுற்றல், ஓயாத ரீங்காரம் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்த இடம் காதுக்கு ஆபத்தானது. காதடைப்பான் போடுங்கள். வெறும் பஞ்சு போதாது. இடையிடையே இரைச்சலை விட்டு வெளியே வந்து ஓய்வெடுங்கள்.

இரைச்சலால் வரும் காது மந்தம் தொழில் நோய் என்று சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. ஆகவே மறைக்காதீர்கள். சோதனைத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள தேதியைப் படித்துச் சரிபாருங்கள்.

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக:
அ) காசு என்ற சொல்லில் ______ கீச்சொலி வகை.
ஆ) காதின் கெட்ட செல் மீண்டும் ______.

2. விடை எழுதுக:
அ) செல்போனில் ஒலி கேட்காவிட்டால் ஏன் ஒலியளவைக் கூட்டக் கூடாது?
ஆ) வேலை முடிந்து வந்தவுடன் ஏன் சோதிக்கக் கூடாது? பேசி முடிவு செய்து எழுதுங்கள்.

3. செய்து பார்க்க:
வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் கிசுகிசுப்புச் சோதனை செய்யுங்கள். பெயர், வலது காது, இடது காது, தேதி என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வையுங்கள்.