இணையம் பிளவுபடுவது என்றால் என்ன?

“இணையம் துண்டுதுண்டாகப் பிளவுபடுகிறது” என்று செய்திகளில் படிக்கிறோம். இதன் பொருளை நம் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளுமாறு இங்கே காண்போம்.

முதலில் ஒரு வேறுபாடு. சென்னையிலிருந்து நம் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடி வடம் 10.8.2020 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளையே நம்பியிருந்தோம். வடம் அறுந்தால் செய்தி நிற்கும். சீர்செய்தால் மீண்டும் ஓடும். இது பழுதுதான், பிளவு அன்று.

பிளவை விளக்க நான் வேலை பார்த்த ரயில்வேயையே எடுத்துக்கொள்கிறேன். அகலப் பாதையின் அளவு 1,676 மி.மீ.; மீட்டர் கேஜின் அளவு 1,000 மி.மீ. இரண்டும் சந்திக்கும் நிலையத்தில் தண்டவாளம் உண்டு, எஞ்சின் உண்டு. ஆனால் வண்டி மறுபாதைக்குப் போகாது. சரக்கை இறக்கி, வேறு வண்டியில் ஏற்றவேண்டும். இத்தொல்லையைப் போக்கவே 1992இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கியது.

கணினித் தமிழும் இத்தொல்லையைப் பட்டதுண்டு. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. கடிதம் வந்து சேரும்; அதே எழுத்துரு நம்மிடம் இல்லையேல் கிறுக்கலாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு இதைத் தீர்க்க முயன்றது. பின்னர் ஒருங்குறி பரவியதால்தான் இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழைப் படிக்கிறோம்.

இணையத்தில் இத்தகைய பொது விதிகளை எந்த ஓர் அரசும் தனித்து வகுப்பதில்லை. முகவரிப் பெயர்களின் மூலப் பட்டியலை 1998இல் தோன்றிய ஐகான் அமைப்பு ஒருங்கிணைக்கிறது. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழ் எழுத்தில் முடியும் பெயர்களும் அப்பட்டியலில் உள்ளன. பட்டியல் ஒன்றே ஆதலால், இங்கே தட்டினாலும் டொராண்டோவில் தட்டினாலும் அதே பக்கம் திறக்கும். நாட்டுக்கொரு பட்டியல் வந்தால் ஒரே பெயர் வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுபோகும். சில இடங்களில் திறக்கவே திறக்காது. உண்மையான பிளவு அதுவே.

இவற்றை விவாதிக்கும் ஐ.நா. இணைய ஆட்சி மன்றம் 2008 டிசம்பரில் ஹைதராபாத்தில் கூடியது. அதன் முக்கிய அமர்வுகள் மொழிபெயர்க்கப்படுவது ஐ.நா.வின் ஆறு மொழிகளில்: அரபி, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். தமிழுக்கு அங்கே இடமில்லை.

அங்கு அடிக்கடி கேட்கும் இரு கருத்துகளையேனும் நாம் தமிழில் அறிந்திருக்கவேண்டும். ‘பல்தரப்பு ஆட்சி’ என்றால் அரசு, நிறுவனங்கள், பொறியாளர், பொதுமக்கள் யாவரும் கூடி முடிவெடுத்தல். ‘இணைய இறையாண்மை’ என்றால் தன் எல்லைக்குள் அரசே முடிவெடுத்தல். தாயகத்து உறவுகளோடு பேச இணையத்தை நம்பியிருக்கும் நமக்கு எது நல்லது? பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.