நடுங்கும் கேமரா சாட்சியாகாது

புதுச்சேரி

அன்புள்ள தங்கைக்கு,

'சர்ஃப்ஸ் அப்' படத்தை ஏன் ஆவணப்படம் போல எடுத்தார்கள் என்று கேட்டிருந்தாய். சோனி பிக்சர்ஸ் அனிமேஷன் 2007இல் வெளியிட்ட அந்தப் படத்தில், கோடி என்னும் இளம் பென்குயின் அலைச்சறுக்குப் போட்டிக்குப் புறப்படுகிறது. ஒரு படப்பிடிப்புக் குழு அதைத் தொடர்ந்து போய்ப் பேட்டி எடுக்கிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்துப் பார்க்கிற படம்தான். ஆனாலும் ஒரு காணொளியை நம்புவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்பதை இவ்வளவு எளிதாகக் கற்றுத்தரும் படங்கள் குறைவு. தோரணை வேறு, ஆதாரம் வேறு என்பதே அது தரும் பாடம்.

அந்தத் தோரணையை அவர்கள் எப்படி உருவாக்கினார்கள் என்று பார். கணினியில் வரையும் படத்தில் கேமரா நடுங்கவே நடுங்காது; எந்தப் பாத்திரம் எப்போது திரும்பும் என்பது கேமராவுக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே ஓர் உண்மையான கேமராவில் உணரிகளைப் பொருத்தி, அதை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கையின் அசைவு கணினிக்குள் இருந்த கேமராவுக்குப் போனது. அனிமேஷனில் பொதுவாக ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாகக் குரல் பதிவு செய்வார். இங்கே நடிகர்களைச் சேர்ந்து பேசவிட்டார்கள். அதனால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவது இயல்பாக அமைந்தது. பழைய வீரன் பிக் ஸீயின் காலத்துக் காட்சிகளுக்கு வெளிறிய நிறமும் கீறலும் சேர்த்தார்கள். கெல்லி ஸ்லேட்டர் என்ற உண்மையான உலக சாம்பியனே ஒரு பென்குயினுக்குக் குரல் கொடுத்தார். நடுக்கம், குறுக்குப்பேச்சு, கீறல், பிரபலத்தின் குரல் ஆகிய நான்கையும்தான் 'நேரில் எடுத்தது' என்பதற்கு அடையாளமாக நம் மனம் கொள்கிறது. நான்கையும் செய்து சேர்க்க முடியும் என்று இந்தப் படம் காட்டிவிட்டது.

பொம்மைப் படத்தை வைத்து உண்மையான ஆவணப்படங்களைச் சந்தேகிக்கலாமா என்று நீ கேட்கக்கூடும். பென்குயின் பேட்டி கொடுக்காது என்று எல்லோருக்கும் தெரியும்; ஆகவே 'சர்ஃப்ஸ் அப்' யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் டிஸ்னி 1958இல் வெளியிட்ட 'வைட் வில்டர்னஸ்' படத்தில் விலங்குகள் உண்மையானவை. லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகக் கடலில் குதித்துச் சாவதாக அது காட்டியது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரும் பெற்றது. அந்தக் காட்சி எடுக்கப்பட்ட இடமோ, கனடாவில் கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாகாணம். வேறிடத்திலிருந்து வாங்கி வந்த விலங்குகளைப் படக்குழுவே நீரில் தள்ளியதைக் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 1980களில் வெளிக்கொணர்ந்தது. ஆனால் லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்ற நம்பிக்கை அதற்குள் உலகெங்கும் வேரூன்றிவிட்டது.

பொய்யாக எதையும் சேர்க்காமலும் தவறான எண்ணத்தை உண்டாக்கலாம். நம் ஊருக்கு வடக்கே, தந்திராயன்குப்பத்தின் செரினிட்டி கடற்கரையில் இளைஞர்கள் அலைச்சறுக்குப் பழகுகிறார்கள். கடலை மட்டும் பார்த்துக் கேமராவை வைத்தால் அழகான விளையாட்டுப் படம் கிடைக்கும். கேமராவைக் கரைப்பக்கம் திருப்பினால் அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்குவியலும் தூண்டில் வளைவும் தெரியும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்ததால் வடபுறக் கரைகள் அரிக்கப்பட்டன. மீனவர்கள் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் போயிற்று. அலையை மட்டும் காட்டும் படத்தில் ஒரு பிரேம்கூடப் பொய்யில்லை. ஆனாலும் பார்ப்பவருக்குக் கரையின் கதை தெரியாமலே போய்விடும். படம் எங்கே வெட்டப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்படி எல்லாவற்றையும் துருவினால் எதையுமே நம்ப முடியாமல் போகாதா என்பது வலுவான ஆட்சேபம். எல்லாம் பொய் என்று இருந்துவிடுவதும் எல்லாவற்றையும் நம்புவதும் ஒரே சோம்பல்தான்; இரண்டுக்குமே விசாரணை தேவையில்லை. விசாரித்தபின் நம்பத்தக்கவை உண்டு. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏ. கே. செட்டியார் பல நாடுகளுக்குப் பயணம் செய்து, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பேர் எடுத்திருந்த சுமார் 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940இல் தமிழில் வெளிவந்த அந்தப் படத்துக்கு மதிப்பு தருவது காட்சியின் கீறலன்று. சுருளைத் தேடி அவர் அலைந்த பாதை. எங்கிருந்து வந்தது, எவரிடமிருந்து பெற்றது என்று அவரே எழுதியும் வைத்தார். கேள்விக்குப் பதில் இருக்கும் படம் கேள்வி கேட்பதால் மதிப்பு இழக்காது.

ஆகவே 'சர்ஃப்ஸ் அப்' படத்தை இன்னொரு முறை பார். சிரிக்கும் இடத்தில் தாராளமாகச் சிரி. எந்தெந்த உத்தியால் அது உண்மை போலத் தோன்றுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள். பிறகு கைப்பேசியில் உனக்கு வரும் ஏதாவதொரு காணொளியை எடுத்து, யார் எடுத்தது, எங்கே, எப்போது, எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று கேள். நான்குக்கும் விடை கிடைக்கும்வரை அதைப் பிறருக்கு அனுப்பாதே. இன்றைய குடிமகளுக்கு எழுத்தறிவோடு இந்த அறிவும் வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்